உப்பில்லாத நாற்பத்தைந்து நாள்

பஹ்ரைன்
20-3-1976

அன்புள்ள நாகவள்ளிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் மாமாவும் மருந்துக்கடையும் சுகந்தானா? போன தடவை கடையை விசாரிக்கவில்லை என்று நீ சண்டை பிடித்தாய். அதனால் இந்தத் தடவை அதையும் சேர்த்துக்கொண்டேன்.

கடிதம் மூன்று வாரம் தாமதம். கொஞ்சம் சளி பிடித்திருந்தது, வேறொன்றுமில்லை. நாங்கள் பலகை அடிக்கிற இடம் கடலை ஒட்டி இருக்கிறது. மாசி மாதக் காற்று சட்டைக்குள் புகுந்துவிடும். இப்போது சரியாகிவிட்டது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். எங்கள் கேம்புக்கும் கொரியாக்காரர்கள் கேம்புக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். அந்தப் பக்கம் பாக் என்று ஒரு வெல்டர், நாற்பது வயதிருக்கும். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்தது இந்த ஊர் அரபியில் மூன்று சொல். 'யல்லா' என்றால் கிளம்பு, 'கலாஸ்' என்றால் முடிந்தது, 'மாஃபி' என்றால் இல்லை, கூடாது. அதை வைத்துக்கொண்டே ஒரு வருஷமாகச் சிநேகிதம். அவர் மனைவி ஊரிலிருந்து மாதம் ஒரு பொட்டலம் மருந்துச் சரக்கு அனுப்புகிறாள். வேர், பட்டை, காய்ந்த பழம் என்று என்னென்னவோ இருக்கிறது. அதை மண்சட்டியில் போட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைத்து, தண்ணீர் மூன்றில் ஒன்றாகச் சுண்டும்வரை பாக் பக்கத்திலேயே குந்தியிருப்பார். மாமா கஷாயம் போடுகிற அழகை அப்படியே அங்கே பார்த்தேன்.

எனக்குச் சளி என்று தெரிந்ததும் வேலிக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டினார். கறுப்பாக இருந்தது. முதலில் கசப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் தொண்டையில் லவங்கப்பட்டை வாசம். போதாததற்குப் பச்சை முட்டையின் மஞ்சள் கருவை மேலே மிதக்கவிட்டிருந்தார். அன்றைக்குக் கிருத்திகை. முட்டை மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். முட்டை அப்படியே இருந்தது. முருகன் மன்னிக்கட்டும், குடித்துவிட்டேன்.

சரக்கில் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ரூமில் இருக்கும் முத்துப்பேட்டை மீராசா அடுத்த மாதக் கடைசியில் லீவில் வருகிறார், கொடுத்தனுப்புகிறேன். மாமா பார்த்து என்ன ஏது என்று சொல்லட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மையப்பன்


மன்னார்குடி
5-4-1976

அன்புள்ள அத்தானுக்கு நாகவள்ளி வணங்கி எழுதுவது.

நான், அப்பா, கடை மூவரும் சுகம். கடைக்கு மட்டும் வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் சளி என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் சளிக்கு மூன்று வாரம் பேனா பிடிக்க முடியாமல் போகுமா? நீங்கள் கப்பல் ஏறும்போது ஒருவருக்கொருவர் ஒன்றையும் ஒளிப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். நான் என் பல்வலியைக்கூட எழுதினேன். உடம்பு சரியில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஒரு பொட்டலம் கட்டி அனுப்பியிருக்க மாட்டேனா? என் அப்பா கடையில் கூரைவரை மருந்து அடுக்கியிருக்கிறது. என் புருஷனுக்குக் கொரியாவில் யாரோ ஒருத்தி கட்டின பொட்டலம் வேலிக்கு மேலே வருகிறது. அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஒளிக்காமல் சொல்கிறேன்.

இருக்கட்டும். அந்தப் பாக் பத்தியம் என்ன சொன்னார்? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் நீங்கள் எழுதவில்லை. பத்தியம் இல்லாமல் குடிக்கிற கஷாயமும் காப்பியும் ஒன்று. அவரைக் கேளுங்கள். இனிமேல் குடிப்பதானால் உப்பு, புளி, கடுகு, மீன், கருவாடு, பாகல், பூசணி எதையும் தொடக்கூடாது. உப்பு அறவே ஆகாது. அப்பா சொல்லச் சொன்னார். குடித்தால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் முழுசாகக் குடிக்க வேண்டும்.

இன்னொரு பத்தியமும் உண்டு. பெண்சாதி பக்கத்தில் இருக்கக்கூடாது. அதை மட்டும் நீங்கள் யாரும் சொல்லாமலே ஒன்றரை வருஷமாக ஒழுங்காக இருந்து வருகிறீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் உடனே வேண்டும்.

தங்கள்,
நாகவள்ளி


பஹ்ரைன்
3-5-1976

அன்புள்ள நாகவள்ளிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இரண்டாவது பத்தியத்தைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. நான் நலம். மீராசா பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார், இந்நேரம் முத்துப்பேட்டையில் இருப்பார்.

பாக்கிடம் பத்தியம் கேட்ட கதையைக் கேள். எங்கள் மெஸ் சமையல்காரர் முகம்மது சித்தீக், அதிராம்பட்டினத்துக்காரர், தட்டு நிறையக் காய்கறி கொண்டுவந்தார். நான் வேலிக்கு மேலே ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். கத்தரிக்காய்க்குத் தலையாட்டினார். வெண்டைக்காய்க்குத் தலையாட்டினார். முள்ளங்கியைக் காட்டியதும் இரண்டு கையையும் வீசி, "மாஃபி, மாஃபி" என்று பதறிப்போனார். அந்த மருந்து சாப்பிட்டுக்கொண்டு முள்ளங்கி தின்றால் தலை நரைத்துவிடுமாம். தன் முடியையும் முள்ளங்கியின் வெள்ளையையும் மாற்றி மாற்றிக் காட்டினார். ஆக அவர்களுக்கும் பத்தியம் இருக்கிறது. முள்ளங்கி ஒன்றை அவர் சொன்னார், மிச்சத்தை நீ சொல்லிவிட்டாய்.

அவர்கள் கேம்ப் டைம்கீப்பருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவரைக் கூட்டிவந்து மருந்தின் பெயரைக் கேட்டேன். ஸாங்ஹ்வா என்றார். ஸாங் என்றால் இரண்டு, ஹ்வா என்றால் ஒத்துப்போவதாம். மனுஷ உடம்பில் ரத்தம் ஒன்று, ஓடியாடுகிற தெம்பு ஒன்று, இந்த இரண்டும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்றால் மனுஷன் தளர்ந்துபோவானாம். இந்தக் கஷாயம் இரண்டையும் சமாதானம் பண்ணி வைக்குமாம். நெடுநாள் காய்ச்சலில் கிடந்தவனுக்கு, அளவுக்கு மீறி உழைத்தவனுக்கு, தூக்கத்தில் வேர்த்துக் கொட்டுகிறவனுக்கு, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறவனுக்கு எல்லாம் கொடுப்பார்களாம். புருஷன் பெண்சாதிக்கு இன்னொரு வகையிலும் நல்லது என்று சொல்லி டைம்கீப்பர் சிரித்தார். அதைத் தீபாவளிக்கு நேரில் வந்து சொல்கிறேன்.

மே முதல் தேதி மண்டலம் ஆரம்பித்துவிட்டேன். பாக் தன் பங்கில் பாதியை எனக்குத் தருகிறார். சித்தீக் எனக்கென்று தனியாக உப்பில்லாமல் கஞ்சி வைத்து, "எந்த ஊர் மாப்புள்ளைடா நீ, பொண்டாட்டி அங்கேருந்து சொன்னா இங்கே எனக்கு டபுள் டூட்டியா" என்று திட்டிக்கொண்டே ஊற்றுகிறார். சைட் வாசலில் தினமும் ஆளுக்கு இரண்டு உப்பு மாத்திரை கையில் வைக்கிறார்கள், வெயிலுக்காம். அதைக்கூட நான் வாயில் போடுவதில்லை. ஒரு பால்டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். உன் சொல்லை அப்படிக் காப்பாற்றுகிறேன்.

அன்புடன்,
அம்மையப்பன்


மன்னார்குடி
14-5-1976

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே யாவரும் நலம். வெள்ளையடித்துக் கடைக்குக்கூட ஒரு களை வந்துவிட்டது.

மீராசா அண்ணன் நேற்று வந்தார். பொட்டலத்தை அப்பா கடைப் பலகைமேல் பிரித்துப் பரப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். வந்த ஆட்களுக்கெல்லாம், "செத்த பொறுங்க, சீமைச் சரக்கு பார்க்கிறேன்" என்று பதில். ஒன்பது சரக்கில் நான்கைச் சட்டென்று சொல்லிவிட்டார். அதிமதுரம், லவங்கப்பட்டை, சுக்கு, இலந்தைப்பழம். மிச்சம் ஐந்து நம் பக்கத்தில் இல்லை. கறுப்பாகக் கையில் ஒட்டுகிற கிழங்கு ஒன்று, நாக்கில் வைத்தால் இனிக்கிறது. மஞ்சள் நாரோடு சீவின வேர் ஒன்று. வெள்ளை வில்லை ஒன்று. ஓமத்தை நசுக்கினமாதிரி வாசமடிக்கிற வேர் இரண்டு. அப்பா ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இது சளிக்குக் குடுக்கிற மருந்து இல்லைம்மா. இது நோயை விரட்டாது. நோய் அடிச்சுப் போட்டுட்டுப் போனப்புறம் ஆளைத் தூக்கி உட்கார வைக்கும். நல்ல சேர்மானம். செஞ்சவன் கெட்டிக்காரன்."

அத்தான், அப்படியானால் நீங்கள் எவ்வளவு தூரம் விழுந்து கிடந்தீர்கள்? அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு நிஜத்தை எழுதுங்கள். எழுதாவிட்டால் மீராசா அண்ணன் வீட்டுக்குப் போய் அவர் சட்டையைப் பிடிப்பேன்.

அதிமதுரம் சேர்ந்த கஷாயத்தோடு உப்பு சேர்ந்தால் முகம் வீங்கும். ஆகையால் மண்டலம் முடிகிறவரை ஒரு கல் உப்புகூட வேண்டாம். சித்தீக் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் திட்டட்டும், நீங்கள் இருங்கள்.

அப்பா கோந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். தானே ஒட்டித் தபாலில் சேர்க்கிறாராம்.

தங்கள்,
நாகவள்ளி


பஹ்ரைன்
25-5-1976

அன்புள்ள நாகவள்ளிக்கு,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன்.

மாமா மருந்தைக் கடித்துப் பார்த்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நிஜத்தை எழுதுகிறேன். அது சளி இல்லை, மார்புக் காய்ச்சல். பதினொரு நாள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டார்கள், ஆனால் எழுந்து நின்றால் கால் நடுங்கியது. ராத்திரி பனியன் நனைந்துபோகும். ஏணியில் நாலு படி ஏறினால் நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில் கேட்கும். இந்த நிலைமையில் என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். அப்போதுதான் பாக் கிண்ணத்தை நீட்டினார். உனக்கு எழுதாதது தப்புதான். எழுதினால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்வாய் என்று நினைத்தேன்.

இன்றைக்கு இருபத்தைந்தாம் நாள். மருந்து வேலை செய்கிறது. ராத்திரி வேர்ப்பது நின்றுவிட்டது, தூக்கம் வருகிறது. ஏணி ஏறினால் படபடப்பு இல்லை. சாயங்காலத்தில் மட்டும் கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடிக்கிறது, தலையும் கனக்கிறது. மருந்து உள்ளே போய் ஏதோ இழுத்துப் பிடித்துச் சரி பண்ணுகிறதாக்கும்.

வெயில் ஏறிவிட்டது. கம்பியைக் கையால் தொட முடியவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு மன்னார்குடியில் இருப்பேன். போன வெள்ளிக்கிழமை குதைபியா கடைத்தெருவுக்குப் போனபோது உனக்கு ஒரு சேலை எடுத்தேன். நிறம் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மையப்பன்


மன்னார்குடி
4-6-1976

அன்புள்ள அத்தானுக்கு,

பதினொரு நாள் என்பதைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் என்ன செய்வேன் என்றா கேட்டீர்கள்? இங்கேயிருந்து செய்யக்கூடியதைச் செய்வேன். உங்கள் கடிதம் வந்த நாள்முதல் நானும் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன். பருப்பு சப்பென்று இருக்கிறது. கீரை அதைவிட மோசம். "மருந்து குடிக்கிறவர் அங்கே, பத்தியம் இங்கேயா" என்று அப்பா கேலி பண்ணுகிறார். பண்ணட்டும். உண்ணும்போது நீங்கள் என்ன ருசியில் சாப்பிடுவீர்களோ அதே ருசிதான் எனக்கும்.

கால் பிடிக்கிறதற்கெல்லாம் பயந்து விட்டுவிடாதீர்கள். மருந்து பிடிக்கிறபோது உடம்பு அப்படித்தான் கொஞ்சம் படுத்தும். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நாலைந்து நாள்தான் பாக்கி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுங்கள்.

சேலையின் நிறம் மாம்பழக் கலர்தானே?

தங்கள்,
நாகவள்ளி


மன்னார்குடி
28-6-1976

அன்புள்ள அத்தானுக்கு,

மண்டலம் பதினேழாம் தேதியே முடிந்திருக்கும். கடிதம் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரும்போதே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிடுகிறார். என்னைப் பார்க்க அவருக்கும் சங்கடமாக இருக்கிறதாம். இரண்டு வரி போதும், எழுதுங்கள்.

நாகவள்ளி


பஹ்ரைன்
22-6-1976

அன்புள்ள நாகவள்ளிக்கு,

நான் சுகம், அதுபோல் உங்கள் சுகமும் வேண்டும். எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. வலது கை விரலில் ஆணி கிழித்துவிட்டது, சின்னக் காயம். நான் சொல்லச் சொல்லச் சித்தீக் எழுதுகிறார். பத்தியம் நல்லபடியாக முடிந்தது. உடம்பு இரும்பாக இருக்கிறது. மாமாவுக்கு என் வணக்கம். சேலை மாம்பழக் கலர் இல்லை.

அன்புடன்,
அம்மையப்பன்

தங்கச்சி நாகவள்ளிக்கு சித்தீக் சலாம். மேலே உள்ளது அவன் சொன்னது. இனிமே நான் சொல்றது. அவன் கண்ணை மூடித் தூங்குறான், அதனாலே எழுதுறேன்.

விரல்லே காயமெல்லாம் இல்லை. பதினாலாம் தேதி, நாப்பத்தஞ்சாம் நாளு, பகல் டூட்டியிலே கீழே பலகை தூக்கிக்கிட்டு இருந்தவன் அப்படியே சுருண்டு விழுந்துட்டான். கை காலெல்லாம் முறுக்கிக்கிச்சு, பேச்சு இல்லை. அந்தக் கொரியாக்காரர்தான் வேலியைச் சுத்தி ஓடியாந்து, தூக்கி முதுகுலே போட்டுக்கிட்டு, வண்டி நிக்கிற இடம்வரைக்கும் அந்த வெயில்லே ஓடினாரு. ஆஸ்பத்திரியிலே டாக்டர் பார்த்துட்டு, இவன் உடம்புலே உப்பே இல்லை, எல்லாம் வேர்வையிலே போயிருச்சுன்னு சொன்னாரு. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா கலாஸ்னு சொன்னாரு. நரம்பு வழியா உப்புத் தண்ணி ஏத்தி ஏத்தித்தான் ஆளைத் திருப்பினாங்க. அவன் பெட்டியிலே ஒரு பால்டப்பா நிறைய உப்பு மாத்திரை கெடந்துச்சு. இந்த வெயில்லே அதுதானே தங்கச்சி எங்களுக்கு உயிரு.

மருந்து மேலே தப்பில்லே. மருந்து அவனுக்கு நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. இப்போ அபாயம் இல்லை, அல்லாஹ் காப்பாத்திட்டான். ஆனா கை இன்னும் நடுங்குது, பேனா நிக்க மாட்டேங்குது. உனக்குத் தெரிஞ்சா நீதான் காரணம்னு நீ உடைஞ்சு போயிருவேன்னு எங்ககிட்டே எல்லாம் சத்தியம் வாங்கியிருக்கான். நான் சொன்னதாக் காட்டிக்காதே. ஆனா எப்படியாச்சும் அவனை உப்புச் சாப்பிட வை. மண்டலத்திலே மூணு நாள் பாக்கி இருக்குன்னு இப்பவும் ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டாற கஞ்சியிலே உப்புப் போட விட மாட்டேங்கிறான்.


மன்னார்குடி
6-7-1976

அன்புள்ள அத்தானுக்கு,

நான் எழுதிப் போட்ட பிறகு உங்கள் கடிதம் கிடைத்தது, நிம்மதி. விரல் காயம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். சித்தீக் அண்ணன் கையெழுத்து அழகாக இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். பெரிய மருந்து முடிந்தால் மறுபத்தியம் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மருந்துக்கு மறுபத்தியம் உப்பு. விட்டதைத் திரும்பச் சேர்த்தால்தான் மருந்து உடம்பில் நிற்குமாம். முடிக்க நாள் பாக்கி இருந்தாலும் பரவாயில்லை, இந்தக் கடிதம் கண்ட நிமிஷத்தில் ஆரம்பிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு உப்பு மோர். கஞ்சியில் உப்பு, குழம்பில் உப்பு. சைட் வாசலில் கொடுக்கிற மாத்திரை இரண்டையும் அங்கேயே, கொடுக்கிற ஆளின் கண்ணெதிரில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். நாள் கணக்குக் கிடையாது. அந்த ஊரில் இருக்கிறவரைக்கும் இதுதான் பத்தியம்.

மீராசா அண்ணன் பத்தாம் தேதி திரும்புகிறார். அவரிடம் உப்பு நார்த்தங்காய், மோர் மிளகாய், வடுமாங்காய் மூன்று ஜாடி கொடுத்திருக்கிறேன். ஒரு ஜாடி பாக்குக்கு. அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் மருந்துக்காக என்று சொல்லுங்கள்.

தங்கள்,
நாகவள்ளி


பஹ்ரைன்
27-7-1976

அன்புள்ள நாகவள்ளிக்கு,

நலம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பஸ்ஸில் வைத்து எழுதுகிறேன் என்று தெரிந்துகொள்.

மறுபத்தியம் நீ சொன்னபடி நடக்கிறது. உப்பு மோரும் நார்த்தங்காயும் சேர்ந்ததில் சித்தீக்குக்கு வேலை குறைந்துவிட்டது. "இப்பத்தான் அந்தப் புள்ளைக்குப் புத்தி வந்திருக்கு" என்கிறார். யாருக்கு என்று கேட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். பாக் வடுமாங்காயைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வர என் முதுகைத் தட்டினார். அவர் ஊரிலும் இப்படி உப்பில் ஊறினது இல்லாமல் சோறு இறங்காதாம். அவர் மனைவியிடம் காட்ட ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறார்.

எனக்கு லைட் டூட்டி கொடுத்திருக்கிறார்கள், ஸ்டோரில் ஆணி எடுத்துக் கொடுப்பது. நல்ல வேலைக்காரன் என்று கொடுத்தார்கள். லீவில் மாற்றம் இல்லை.

அன்புடன்,
அம்மையப்பன்


மன்னார்குடி
10-8-1976

அன்புள்ள அத்தானுக்கு,

பஸ்ஸில் எழுதினதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பஸ் குலுங்கினால் வரி மேலும் கீழும் ஓடியிருக்கும், இதில் வரி நேராக இருக்கிறது, எழுத்து மட்டும் நடுங்கியிருக்கிறது. இதற்கு மேல் என்னால் தெரியாததுபோல எழுத முடியாது. எனக்கு எல்லாம் தெரியும். சித்தீக் அண்ணனைக் கோபிக்காதீர்கள். அவர் எழுதியிராவிட்டால் நான் இன்னமும் உப்பில்லாப் பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டு, உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்று திருப்தியாக இருந்திருப்பேன்.

இன்னொன்று இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா உப்பை விடச் சொல்லவே இல்லை. தெரியாத கஷாயம், உப்பைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது என்றுதான் சொன்னார். அறவே ஆகாது என்று எழுதினது நான். அப்பா பெயரைப் போட்டால் கேட்பீர்கள் என்று அவர் பெயரையும் போட்டேன். மறுபத்தியம் என்று எழுதினதும் என் கற்பனைதான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். மருந்து அந்த அம்மாள் அனுப்பினாள். காய்ச்சினது பாக். கஞ்சி வைத்தது சித்தீக் அண்ணன். மருந்துக்கடைக்காரர் மகள் நான் உங்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து உங்களுக்கு ஒன்றைக் கொடுக்க முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லத்தான் முடிந்தது. அதையாவது பெரிதாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீங்கள் சோற்றில் கை வைக்கிற ஒவ்வொரு வேளையும் என் ஞாபகம் வரட்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை உங்களை வெயிலில் சுருட்டிப் போட்டுவிட்டது.

தீபாவளிக்கு வந்து என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். வந்தால் போதும்.

நாகவள்ளி


பஹ்ரைன்
26-8-1976

என் அன்புள்ள நாகவள்ளிக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். எழுத்தைப் பார், நேராக இருக்கிறது. நாளைக்கு நோன்பு ஆரம்பம். சித்தீக் பகல் முழுதும் பட்டினி கிடந்துகொண்டு எங்களுக்குச் சமைக்கப் போகிறார், உப்புப் பார்க்க நான்தான் ஆள்.

நீ ஒளித்ததைச் சொல்லிவிட்டாய். என்னிடம் இரண்டு இருக்கிறது.

ஒன்று. ஆஸ்பத்திரியில் நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்து, கலாஸ் என்றேன். அதற்குப் பிறகும் சித்தீக்கின் பேனா அரைமணி நேரம் ஓடியது. நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். என்னால் உனக்கு எழுத முடியாததை அவராவது எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது. மே மாதம் மாமா கோந்து போட்டு ஒட்டிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? அதன் மடிப்புக்கு உட்புறத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'மாப்பிள்ளைக்கு, உப்பைக் குறைத்தால் போதும், விட வேண்டாம், வெயில் பூமி.' அதை அன்றைக்கே படித்தேன். படித்துவிட்டுத்தான் மறுநாளும் உப்பில்லாத கஞ்சியைக் குடித்தேன். ஆகவே நீ அப்பா பெயரைப் போட்டு என்னை ஏமாற்றவில்லை. யார் சொன்னது என்று தெரிந்தேதான் இருந்தேன். மாமா சொன்னபடி கேட்டிருந்தால் அது வெறும் மருந்து சாப்பிடுவது. நீ சொன்னபடி கேட்டால் வேளைக்கு வேளை நீ பக்கத்தில் உட்கார்ந்து, உப்புச் சட்டியைத் தள்ளி வைக்கிறமாதிரி இருந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் அந்த நாற்பத்தைந்து நாள்தான் நான் தனியாகச் சாப்பிடவில்லை. விழுந்தது உன்னாலும் இல்லை, அந்த அம்மாள் மருந்தாலும் இல்லை. உன் ஆசைக்கு என் ஆசையும் கூடிவிட்டது.

பாக்கின் ஒப்பந்தம் முடிந்து அடுத்த மாதம் ஊர் போகிறார். மிச்சம் இருந்த ஸாங்ஹ்வா பொட்டலம் நான்கையும் எனக்குக் கொடுத்துவிட்டார். டைம்கீப்பரைக் கூட்டிவந்து, இதை நான் தனியாகக் குடிக்கக்கூடாது, உன்னோடு சேர்ந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். முள்ளங்கி மட்டும் மாஃபியாம்.

லீவு ஐப்பசி முதல் தேதியிலிருந்து. பம்பாய் வந்ததும் தந்தி கொடுக்கிறேன். சேலை ஊதா.

மாமா கையைப் பிடித்து என் நமஸ்காரத்தைச் சொல். நான் வருகிற அன்றைக்கு விருந்தெல்லாம் வேண்டாம். இலையைப் போட்டு, முதலில் உப்பை வை. வைத்துவிட்டு நீயும் எதிரில் உட்கார்.

உன்,
அம்மையப்பன்